சாக்லேட் பற்றிய மக்களின் எண்ணத்தை வரையப்போய் நான் பட்ட பாடு

என் மேசைக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்குள் மூன்றாக மடித்த துண்டறிக்கைகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் ‘கொக்கோ’ என்ற சொல்லின்மீது கையால் ஒட்டிய ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஸ்டிக்கர்களை நானும் என் தங்கையும் இரண்டு இரவு உறங்காமல் ஒட்டினோம். ஒட்டி முடித்த மூன்றாம் நாள், அவற்றை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாக்லேட் பிராண்டுகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இன்ஃபோகிராஃபிக்காக வரைந்து தரும் வேலை அது. பதினோரு வாரம் அதில் போயிற்று. தொடங்கும் முன் இந்தத் தொழிலில் பழகிய ஒருவர் என்னை உட்காரவைத்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதி நாளாவது மிஞ்சியிருக்கும் என்ற ஆதங்கம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் கோவையில் தனியாக வடிவமைப்புத் தொழில் செய்கிறவள். திருமண அழைப்பிதழ், மசாலாப் பொட்டலங்களுக்கு லேபிள், கடைகளுக்கு ஃபிளெக்ஸ் என்று பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்க்கிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்த விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்து, தாங்களே சாக்லேட் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தார் ஒரு ஜூன் மாதத்தில் என்னைத் தேடி வந்தார்கள். கொடிசியா வளாகத்தில் நடக்கவிருந்த உணவுக் கண்காட்சி ஒன்றில் அவர்களுக்கு ஒரு ஸ்டால் இருந்தது. “பெரிய பிராண்டுகளைப் பத்தி நம்ம ஊர் ஜனங்க மனசுல என்ன இருக்கு, அதுல எங்களுக்கு எங்க இடம்னு பார்த்த உடனே புரியற மாதிரி வரைஞ்சு கொடுங்க மேடம்” என்றார் உரிமையாளர். ஆறு போஸ்டர்கள், 1,500 துண்டறிக்கைகள், அச்சுச் செலவும் சேர்த்து 62,000 ரூபாய் என்று பேசி, 20,000 முன்பணம் வாங்கினேன். மக்கள் கருத்துகளை எண்ணாக வைத்துக்கொண்டு அதற்கு முன் நான் ஒரு படம்கூட வரைந்ததில்லை. லேபிள் போடத் தெரிந்தவளுக்கு இது வராதா என்ற நம்பிக்கைதான் என்னிடம் இருந்தது.

இரண்டாம் நாளே ஒரு எக்ஸெல் கோப்பு வந்தது. கூகுள் படிவம் ஒன்றை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, 212 பேரிடம் பதில் வாங்கி வைத்திருந்தார்கள். ஏழு பிராண்டுகள், எட்டுக் குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எண்கள் கைக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் அன்றிரவே வரைய உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படிவம் யார் யாருக்குப் போனது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நிறுவனத்தாரின் உறவினர்கள், அவர்கள் மகனின் கல்லூரி நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள் என்றுதான் அது சுற்றி வந்திருக்கிறது என்பது ஐந்து வாரம் கழித்தே தெரிந்தது. முதல் போஸ்டரில் நான் பெரிய எழுத்தில் போட்டது, ‘50 வயதைக் கடந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு டார்க் சாக்லேட் பிடிப்பதில்லை’ என்பது. அந்த வயதில் பதில் சொன்னவர்கள் மொத்தம் 19 பேர். பிடிக்கவில்லை என்றவர்கள் 11 பேர். பதினொன்றைப் பத்தொன்பதால் வகுத்தால் 58 சதவீதம் வரத்தான் செய்யும். ஆனால் ஒரே ஒருவர் மனம் மாறினால் ஐந்து புள்ளிகள் நகர்ந்துவிடும் எண்ணை ஊரின் கருத்தாக எழுதுவது தவறு. 212 பேரையும் முழுக்கச் சமவாய்ப்பு முறையில் பொறுக்கி எடுத்திருந்தால்கூட, ஒவ்வொரு சதவீதத்திலும் கூடவோ குறையவோ ஏழு புள்ளி வரை பிசகு இருக்கலாம். வாட்ஸ்அப்பில் கிடைத்த பதில்களுக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. இப்போதெல்லாம் கூட்டம் சிறியதாக இருந்தால் ‘பத்தொன்பது பேரில் பதினொருவர்’ என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் எத்தனை பேரை, எங்கே, எந்த மாதத்தில், என்ன வார்த்தைகளில் கேட்டார்கள் என்று ஒரு வரி போடாமல் கோப்பை மூடுவதில்லை.

அந்தக் கோப்பில் என்னை அதிகம் ஏமாற்றியது ‘சாக்லேட்’ என்ற சொல்தான். ‘சாக்லேட் என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர் எது?’ என்று ஒரு கேள்வி இருந்தது. எந்தப் பட்டியலையும் காட்டாமல் கேட்கும் இந்தக் கேள்வி, பிராண்ட் ஆய்வுகளில் முதலில் கேட்கப்படுவது. பதில்களில் காபி பைட், எக்லேர்ஸ், மாம்பழ மிட்டாய் எல்லாம் இருந்தன. இவை சாக்லேட் அல்லவே, தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்து, இருபதுக்கும் மேற்பட்ட பதில்களை அழித்துவிட்டேன். பிறகு ஒரு மளிகைக்கடையில் இதைப் பற்றிப் பேசியபோது கடைக்காரர், “ஏன் அம்மணி, காபி பைட்டும் சாக்லேட்டுதானுங்களே?” என்று கேட்டார். அவர் சொன்னது சரி. நம் ஊரில் பள்ளிப் பிள்ளை பிறந்தநாளுக்கு வகுப்பில் ‘சாக்லேட்’ கொடுத்தது என்றால், பெரும்பாலும் அது டாஃபியாகத்தான் இருக்கும். மிட்டாய் என்ற சொல் பின்னுக்குப் போய், உறையில் சுற்றிய இனிப்பு எல்லாவற்றுக்கும் சாக்லேட் என்பதே பெயராகிவிட்டது. கட்டிச் சாக்லேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் பலர் ‘கேட்பரிஸ்’ என்கிறார்கள். வேறு நிறுவனத்தின் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்பரிஸ் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ‘கேட்பரிஸ்’ என்று எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த நிறுவனத்தைச் சொன்னார்கள், எத்தனை பேர் அந்தப் பண்டத்தைச் சொன்னார்கள் என்று எக்ஸெல் கோப்பைப் பார்த்து யாரும் பிரிக்க முடியாது. நான் அதைப் பிரிக்காமலேயே மிக உயரமான பட்டையாக வரைந்துவிட்டேன்.

இன்னொரு குழப்பமும் அதற்குள் இருந்தது. டெய்ரி மில்க், ஃபைவ் ஸ்டார், பெர்க், ஜெம்ஸ் ஆகிய எல்லாமே கேட்பரி வீட்டுப் பிள்ளைகள்; அந்த வீடே இப்போது மாண்டலீஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குள் இருக்கிறது. கிட்கேட்டை முதலில் செய்தது இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரவுன்ட்ரீ நிறுவனம். 1935இல் வேறொரு பெயரில் அது வெளிவந்தது, 1988இல் ரவுன்ட்ரீயை வாங்கியதன் மூலம் நெஸ்லேயிடம் வந்தது. ஆனால் கிட்கேட் சாப்பிடுகிறவர் மனத்தில் கிட்கேட் மட்டும்தான் இருக்கிறது. உறையின் ஓரத்தில் நெஸ்லே என்று இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கேள்வித்தாளோ ஒரு வரியில் ‘கேட்பரி’ என்றும், அடுத்த வரியில் ‘கிட்கேட்’ என்றும் போட்டிருந்தது. ஒன்று நிறுவனம், மற்றொன்று பண்டம். இரண்டையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், குடும்பம் முழுவதும் ஒருபுறமும் ஒற்றை ஆள் மறுபுறமும் நின்று கயிறு இழுப்பது போலாகிவிடும். வரையத் தொடங்கும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் என்ன இருக்கிறதோ அதையே பெயராகக் கொள்வது எனக்குச் சரியாக வந்தது.

குணங்களின் பெயர்களும் இப்படித்தான் சறுக்கின. ஆங்கிலத்தில் யோசித்து எழுதிய படிவத்தில் ‘பிரீமியம்’ என்ற சொல் அப்படியே இருந்தது. எல்ஐசிக்குக் கட்டுவதைத்தான் பிரீமியம் என்று அறிந்த ஓர் அம்மா, சாக்லேட்டுக்கு என்ன பிரீமியம் என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து வரைபடத்தில் அதை ‘உயர்தரம்’ என்று மாற்றியிருந்தேன். கேட்டது ஒரு சொல், எழுதியது வேறொரு சொல். விலை அதிகமானது, அன்பளிப்பாகக் கொடுக்க ஏற்றது என்ற பொருளில் மதிப்பெண் போட்டவர்களின் பதிலை, பண்டமே உயர்ந்தது என்று அவர்கள் சொன்னதாக மாற்றிவிட்டேன். படத்தில் வருகிற சொல்லும் கேள்வியில் வந்த சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் அப்போது அறியவில்லை.

வரைந்த விதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் தொழில் அதுதான், அதில் தவறியதுதான் எனக்கு மிகவும் வலித்தது. எட்டுக் குணங்களையும் ஏழு பிராண்டுகளையும் சிலந்திவலைப் படம் ஒன்றில் அடக்கினேன்; நடுவிலிருந்து குணத்துக்கு ஒரு அச்சுக்கோடாக விரியும் படம் அது. ஏழு வண்ணக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பார்க்க ரங்கோலி போல அழகாக இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை. சிலந்திவலைப் படத்தில் அச்சுக்கோடுகளின் வரிசையை மாற்றினால் உள்ளே அடைபடும் பரப்பும் மாறிவிடும். ‘சுவை’, ‘விலை’, ‘உறை’ என்று இருந்ததை ‘சுவை’, ‘உறை’, ‘விலை’ என்று மாற்றிப் பார்த்தபோது, ஒல்லியாக இருந்த பிராண்ட் எண்கள் மாறாமலேயே பருத்துக் காட்டியது. அதைக் கண்ட அன்றே அந்தப் படத்தைத் தூக்கியிருக்க வேண்டும். நாள் முழுவதும் உழைத்தது என்ற ஒரே காரணத்தால் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது சாக்லேட் கட்டிகள். ஒரு பிராண்டை முதலில் நினைவுகூர்ந்தவர்கள் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு. எனவே சாக்லேட் கட்டியின் படத்தை உயரத்தில் இரண்டு மடங்காக இழுத்தேன். வடிவம் கெடாமல் இருக்க அகலமும் கூடவே இரண்டு மடங்காயிற்று. பரப்பு நான்கு மடங்காகிவிட்டது என்பது எனக்குப் படவே இல்லை. இந்தத் தவறு புதிதல்ல. 1920களில் வியன்னாவில் ஆட்டோ நியூராத் என்பவர், படிக்காத தொழிலாளர்களுக்கும் புள்ளிவிவரம் புரிய வேண்டும் என்று உருவாக்கிய முறையில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே அளவு உருவத்தைத் திரும்பத் திரும்பப் போடு. சாக்லேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? கட்டியே சதுரம் சதுரமாகத்தானே இருக்கிறது! பத்துப் பேருக்கு ஒரு சதுரம் என்று வைத்தால் எண்ணிப் பார்த்தே படித்துவிடலாம். கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இருவர் 1984இல் நடத்திய சோதனைகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன: பொதுவான ஓர் அளவுகோலின்மேல் புள்ளி எங்கே நிற்கிறது என்பதை நம் கண் நன்றாக ஒப்பிடுகிறது, நீளம், கோணம், பரப்பு என்று போகப்போகப் பிழை கூடுகிறது. கடைசியில் சிலந்திவலையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு கிடைக்கோடு, அதன்மேல் ஏழு புள்ளிகள் என்று போட்டபோது, என் தங்கை பத்து விநாடியில் படித்துச் சொன்னாள்.

நிறம் எனக்குத் தனிப் பாடம். ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் சொந்த நிறத்தையே கொடுத்தேன்: டெய்ரி மில்க்குக்கு ஊதா, கிட்கேட்டுக்குச் சிவப்பு, ஃபெரேரோ ரோஷேவுக்குப் பொன்நிறம். கேட்பரியின் அந்த ஊதா சாதாரண ஊதா அல்ல. பேன்டோன் என்ற நிற அட்டவணையில் 2685சி என்ற குறிப்பிட்ட சாயலுக்கு உரிமை கேட்டு அந்நிறுவனம் பிரிட்டனில் ஆண்டுக்கணக்கில் நெஸ்லேயுடன் வழக்காடியது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவை ஏற்க மறுத்தது. ஒரு நிறத்துக்காக அவ்வளவு தூரம் போராடுகிறார்கள் என்றால், அந்த நிறம் மக்கள் மனத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் படத்தில் பெரிய பிராண்டுகளின் பட்டைகள் கூவி அழைத்தன, எனக்குப் பணம் கொடுத்தவரின் பழுப்புப் பட்டை மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அதோடு, திரையில் பளிச்சென்று இருந்த ஊதா அச்சில் மங்கி நீலம் பாரித்து வந்தது. நான்கு மைகளின் கலவையால் எட்ட முடியாத நிறங்களில் அதுவும் ஒன்று. வேறொரு படத்தில் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து படிகளுக்குக் கரும்பழுப்பில் தொடங்கி வெண்மை வரை சாக்லேட் நிறங்களையே கொடுத்தேன். பார்த்தவர்கள் கரும்பழுப்பை டார்க் சாக்லேட் என்றும், வெண்மையை ஒயிட் சாக்லேட் என்றும் படித்தார்கள். பண்டத்தின் நிறத்தைப் பதிலின் நிறமாக வைத்தால் அப்படித்தான் ஆகும். இப்போது மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம், சொல்ல வந்த ஒன்றுக்கு மட்டும் அழுத்தமான ஒரு நிறம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அச்சகத்துக் கதை சுருக்கமானது, ஆனால் செலவு வைத்தது. எழுத்துகளை வடிவங்களாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோடுகளாக, மாற்றாமல் கோப்பை அனுப்பிவிட்டேன். அச்சகத்துக் கணினியில் இருந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை. ‘கொக்கோ’ என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, நடுவில் புள்ளி வட்டங்களுடன் நின்றன. கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு கட்டுகள் வந்தபோதுதான் பார்த்தேன். “அண்ணா, எழுத்தெல்லாம் உடைஞ்சிருக்கே” என்றேன். “நீங்க கொடுத்த ஃபைலைத்தாம்மா ஓட்டினோம். ப்ரூஃப் அனுப்பினப்போ ஓகேன்னு சொல்லிட்டீங்களே” என்றார் அவர். உண்மைதான்; கைபேசியில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போட்டிருந்தேன். நல்ல வேளையாக அந்தச் சொல் உட்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது. இரண்டு இரவுகள், 1,500 ஸ்டிக்கர்கள். என் தங்கையின் விரல் நுனிகள் தோல் உரிந்து போயின. தமிழில் வேலை செய்கிறவர்கள் எழுத்தை வடிவமாக மாற்றிய பிரதி ஒன்றை அச்சுக்கும், மாற்றாத பிரதி ஒன்றைத் திருத்துவதற்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் எடுத்த மாதிரியை நேரில் போய் ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கண்காட்சியின் முதல் நாள் நன்றாகவே போயிற்று. இரண்டாம் நாள் பிற்பகல், போஸ்டரில் பெயர் வந்த ஒரு நிறுவனத்தின் விநியோகஸ்தர் தரப்பிலிருந்து இருவர் வந்து நான்காவது போஸ்டரைப் படம் எடுத்தார்கள். அதன் தலைப்பு, ‘தாவரக் கொழுப்பு அதிகமுள்ள சாக்லேட்டுகள்’. கீழே பிராண்டுகளின் லோகோக்கள், பக்கத்தில் பட்டைகள். கேள்வித்தாளில் இருந்ததோ, ‘எந்த பிராண்டில் தாவரக் கொழுப்பு அதிகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்பது. அந்த ‘நினைக்கிறீர்கள்’ தலைப்பில் இடம் போதவில்லை என்பதால் என் கையால் வெட்டுப்பட்டது. ஒரு சொல்லை நீக்கியதில், 212 பேரின் ஊகம் ஆய்வகத்தின் முடிவாகிவிட்டது. அவர்கள் குரலை உயர்த்தவில்லை; இதை எழுத்தில் அனுப்புவோம் என்று மட்டும் சொன்னார்கள். அன்று மாலையே ஆறு போஸ்டர்களும் இறங்கின, துண்டறிக்கைகள் பெட்டிக்குள் போயின. ஸ்டாலுக்குப் பின்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உரிமையாளரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒரு வாரத்தில் வழக்கறிஞர் கடிதம் வந்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது என்றாலும், அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தன் பொருளை உயர்த்திச் சொல்லலாம், மற்றவர் பொருளோடு நேர்மையாக ஒப்பிடவும் செய்யலாம்; மற்றவர் பொருளை இழிவுபடுத்தக் கூடாது என்பதுதான் அடிப்படை. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் 29ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவையும் 30ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தால் இது விளங்கும். விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறைகளும் ஒப்பீட்டு விளம்பரம் உண்மையானதாகவும் நிரூபிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. நடுநிலையான ஆய்வு போலத் தோற்றம் தந்தாலும், ஒரு விற்பனையாளரின் ஸ்டாலில் தொங்கும் நிமிடத்திலிருந்து இன்ஃபோகிராஃபிக் விளம்பரமாகிவிடுகிறது என்று அவர் சொன்னதை நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தாவரக் கொழுப்பு இருக்கிறதா இல்லையா என்பது மக்களிடம் கருத்துக் கேட்கும் விஷயமே அல்ல. கொக்கோ விதையின் சொந்தக் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் தவிர்த்த தாவரக் கொழுப்பைச் சாக்லேட்டில் ஐந்து சதவீதம் வரை சேர்க்க நம் நாட்டு உணவுத் தர விதிகள் இடமளிக்கின்றன. சேர்த்தால் உறையில் சொல்லியாக வேண்டும். உறையைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும் செய்தியை வாக்கெடுப்பு நடத்திப் பட்டையாக வரைந்தது நியாயமற்ற செயல். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் கடைக்காரர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் புதிதாக வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டேன். இம்முறை எக்ஸெல்லைத் தொடவில்லை. ஏழு பிராண்டுகளின் உறைகளை அட்டைகளில் ஒட்டி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரி, உக்கடத்தில் ஒரு மளிகைக்கடை, பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தருகே ஒரு பெட்டிக்கடை என்று மூன்று இடங்களில், கடைக்காரர்களின் அனுமதியோடு பத்து நாள் நின்றேன். சாக்லேட் வாங்க வந்த 64 பேரிடம், “இதை உங்களுக்குத் தோணுற மாதிரி பிரிச்சு வைங்க” என்று மட்டும் சொல்லி அட்டைகளைக் கொடுத்தேன். படிவத்தில் இருந்த எட்டுக் குணங்களையும் யாரும் பயன்படுத்தவில்லை. பெரும்பாலானோர் பிரித்தது ‘யாருக்கு’ என்பதை வைத்துத்தான். மில்க்கிபார் குழந்தைக்கு. ஃபெரேரோ ரோஷே, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் டாக்டர் வீட்டுக்கும். டார்க் சாக்லேட், சர்க்கரை நோய்க்குப் பயந்த தனக்கு. டெய்ரி மில்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பலர் தயங்கினார்கள். அது எல்லாக் குவியலுக்கும் பொருந்தியது. ‘ஸ்வீட் எடு கொண்டாடு’ என்று தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி, லட்டு இருந்த இடத்தில் சாக்லேட்டை உட்காரவைத்ததன் பலன் அந்தத் தயக்கத்தில் தெரிந்தது. நான் நிறுவனத்தாரின் கட்டியைக் கொடுத்தபோது ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, “பூஞ்சை பிடிச்சிருக்குங்க” என்று திருப்பித் தந்துவிட்டார். மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியையொட்டி உருகிவிடும். கோவை வெயிலில் கடை அலமாரியில் உருகி மீண்டும் உறையும்போது கொழுப்பு மேலே வந்து வெண்படலமாகப் படிகிறது. அது கெடுதல் அல்ல. ஆனால் வாங்குகிறவர் மனத்தில் அது பூஞ்சைதான், அந்த எண்ணத்தோடுதான் அவர் கடையைவிட்டுப் போகிறார்.

அந்த ஒரு மனிதர் எனக்கு வழி காட்டிவிட்டார். புதிய போஸ்டர்களை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடப்பக்கம் ‘மக்கள் சொல்வது’, வலப்பக்கம் ‘உறையும் அறிவியலும் சொல்வது’. இரண்டுக்கும் இடையில் தடித்த கோடு. மனத்தில் உள்ளது கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். பிரிட்டனில் டெய்ரி மில்க் கட்டிகளின் ஓரங்களை வளைவாக மாற்றியபோது, இனிப்பு கூடிவிட்டதாகப் பலர் குறைப்பட்டார்கள், செய்முறையை மாற்றவில்லை என்று நிறுவனம் சொன்னது என்ற செய்தியை ஒரு போஸ்டரின் மேலேயே போட்டேன்; எண்ணம் நாக்கை எப்படி ஆளுகிறது என்பதைக் கடைக்காரர்களுக்குப் புரியவைக்க அதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. லோகோ எதையும் பயன்படுத்தவில்லை, பெயர்களை ஒரே எழுத்துருவில் எழுதினேன். பிராண்டுகளைக் குவியல்களாகக் காட்டும் பெரிய படத்தில், 64 பேரில் எத்தனை பேர் எந்தக் குவியலில் வைத்தார்கள் என்பதைச் சாக்லேட் சதுரங்களாக அடுக்கினேன். ஒரு சதுரம் ஒரு மனிதர். அடியில், ‘கோவை, பொள்ளாச்சியில் மூன்று கடைகளில் கேட்டது, மாவட்டம் முழுமைக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்’ என்ற வரியைப் படிக்கும் அளவிலேயே போட்டேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் அச்சுக்கு 18,500, இரண்டாவது அச்சுக்கு 19,200, உறைகள் வாங்கியதும் பெட்ரோலும் 3,100. மொத்தம் 40,800 ரூபாய் என் கையிலிருந்து போனது. பேசிய 62,000இல், கண்காட்சி கெட்டதற்காக 12,000 பிடித்துக்கொண்டு 50,000 கொடுத்தார்கள். அது நியாயம்தான் என்று நானும் மறுக்கவில்லை. பதினோரு வாரத்துக்கு எனக்கு மிஞ்சியது 9,200 ரூபாய். அந்த இடைவெளியில் கைவிட்ட இரண்டு திருமண அழைப்பிதழ் வேலைகளை இதில் சேர்க்கவில்லை. இப்போது இப்படிப்பட்ட வேலை வந்தால் அச்சுச் செலவை என் தொகையோடு சேர்ப்பதில்லை, அச்சகத்துக்கு அவர்களே நேராகக் கட்டட்டும் என்கிறேன். எண்களைச் சரிபார்க்க ஒரு வாரத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கிறேன், மூலக் கேள்வித்தாளைக் காட்டாதவர்களுக்கு வேலை ஒப்புக்கொள்வதில்லை. தலைப்புகளில் உள்ள கூற்றுகளுக்கு யார் பொறுப்பு என்பதையும், மற்ற பிராண்டுகளின் பெயர் வரும் பக்கங்களை வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்குப் போகும் என்பதையும் முன்பணம் வாங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். இதைக் கேட்டு முகம் சுளித்து வேறிடம் போனவர்களும் உண்டு.

கடைக்காரர்கள் கூட்டத்தன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெண்படலம் பற்றிய போஸ்டரின் முன்னால் உக்கடத்து மளிகைக்கடைக்காரர் வெகுநேரம் நின்றார். இடப்பக்கத்தில் இருந்த ‘பூஞ்சை பிடிச்சிருக்குங்க’ என்ற வரியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, வலப்பக்கம் போய் நிதானமாகப் படித்தார். பிறகு உரிமையாளரிடம், அலமாரியில் வெயில் படாத கீழ்த்தட்டை ஒதுக்கித் தருவதாகவும், இருபது கட்டிகள் அனுப்பிவைக்கும்படியும் சொன்னார்.